நகை செய்பவரின் கொள்கை பிடிக்கவில்லை, வேலை பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

வெண்முத்து:

மோதிரம் ஒன்று சொல்லிச் செய்ய வேண்டும். 18 காரட் தங்கம், 5 கிராம் அளவில், நடுவில் ஒரு காரட்டுக்குச் சற்று மேலே எடையுள்ள நீலக்கல். மனதில் வைத்திருக்கும் கைவினைஞர் தனியாளாகப் பட்டறை நடத்துபவர். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பற்று வைத்த (உலோகம் உருக்கி இணைத்த) இடம் கண்ணுக்குத் தெரியாது, கல் பதிப்பு கச்சிதம், மாற்று (தங்கத்தின் தூய்மை) முத்திரை உண்டு.

ஆனால் அவர் பொதுவெளியில் எழுதுவதைப் படித்தபிறகு கை பின்வாங்குகிறது. சில மக்களைப் பற்றி அவர் வைத்திருக்கும் அபிப்பிராயம் எனக்கு ஏற்க முடியாதது. வாடிக்கையாளரிடம் அதைக் காட்டியதாகத் தகவல் இல்லை. எழுத்தோடு சரி.

இன்னொரு பக்கம் 'அறவழி நகை', 'மறுசுழற்சித் தங்கம்', 'மோதலற்ற கல்' என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கும் கடை ஒன்று. அவர்கள் பேசுவதெல்லாம் எனக்கு ஒத்துப்போகிறது. வேலை சுமார்தான், எல்லாம் அச்சு வார்ப்பு.

முன்பணம் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. விற்பவரின் கொள்கைக்கு இந்த முடிவில் எவ்வளவு இடம் கொடுக்கலாம்? உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்காக யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

உரைகல்:

கணக்காகக் கேட்டதால் ரசீதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்த மனிதரிடம் தங்குகிறது என்று முதலில் பாருங்கள். 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். 5 கிராம் மோதிரத்தில் 3.75 கிராம் சுத்தத் தங்கம், மிச்சம் 1.25 கிராம் வெள்ளியும் செம்பும். அந்த 3.75 கிராமுக்கான பணம் அவர் கையில் நிற்பதில்லை. கட்டித் தங்கம் விற்பவருக்கும் அவரிடமிருந்து சுத்திகரிப்பு ஆலைக்கும் போய்விடுகிறது. கல்லுக்கான பணத்திலும் பெரும்பகுதி கல் வியாபாரிக்கு. அவரிடம் தங்குவது செய்கூலியும், கல்லில் அவர் வைக்கும் லாபமும், அரம் போட்டு விழுந்த பொடியும்தான்.

இந்தக் கணக்கு நகைக்கு நகை மாறும். கல்லில்லாத கனமான தங்க வளையல் என்றால் பணத்தில் பெரும்பங்கு உலோகம். செய்தவருடைய பங்கு சொற்பம், அவரைப் புறக்கணித்தாலும் அவருக்குப் பெரிய வலி இல்லை. நுணுக்க வேலைப்பாடுள்ள வெள்ளி நகைக்கு இது அப்படியே தலைகீழ். உலோகம் கொஞ்சம், கொடுப்பதில் பெரும்பகுதி கைவேலைக்குத்தான். ஆகவே 'இவர் கைக்கு என் காசு போகக்கூடாது' என்பது உங்கள் நோக்கமானால் அது வெள்ளிக் கைவேலையில் பலிக்கும் அளவுக்குக் கனத்த தங்கத்தில் பலிக்காது. உங்கள் மோதிரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, கல் அவர் மூலமாக வந்தால் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாயும்.

தனியாள் பட்டறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் செய்கூலி அத்தனை பேருக்கும் பிரியும், முதலாளியின் அபிப்பிராயத்துக்கும் பதிப்பு வேலை பார்ப்பவரின் சம்பளத்துக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே செய்பவர், விற்பவர், எழுதுபவர் எல்லாம் ஒருவரே. விலகினால் அடி நேராக அவருக்கே, வேறு அப்பாவி யாருக்கும் இல்லை. புறக்கணிப்பு நியாயமாக அமையக்கூடிய சில இடங்களில் இது ஒன்று.

அடுத்தது, அவர் நினைப்பதும் தொழிலில் அவர் செய்வதும் ஒன்றா என்பது. எடையில் நேர்மை, சூடுபடுத்திய கல்லைச் சூடுபடுத்தியது என்று சொல்லுதல், உதவியாளருக்குக் கூலி, ஒரு சாராரின் ஆர்டரை மறுக்கிறாரா என்பது, இவையெல்லாம் செயல். இவற்றில் ஒன்று தவறினாலும் நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிடச் சொல்வேன். வெறும் அபிப்பிராயம் என்றால், அது பணமாக மாறுகிறதா என்று பாருங்கள். லாபத்தில் ஒரு பங்கை இன்ன இயக்கத்துக்குத் தருகிறேன் என்று அவரே அறிவித்திருந்தால் அப்புறம் அது அபிப்பிராயமில்லை. விலையிலேயே கலந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: எழுதியது அவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைவினைஞர்கள் பெயரில் போலிக் கணக்குகள் நிறைய, ஒரே பட்டறைப் பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பதும் சாதாரணம். வெட்டி ஒட்டிய படத்தை வைத்து ஒருவருடைய பிழைப்பில் கைவைக்கக்கூடாது.

இடைவழி ஒன்று உண்டு. தங்கத்தையும் கல்லையும் நீங்களே வாங்கிக் கொடுத்து அவருக்குச் செய்கூலி மட்டும் கொடுப்பது. ஆனால் பலர் வெளிக்கல்லைப் பதிக்கத் தயங்குவார்கள். பதிக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதுதான் தகராறு. அதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

நெருஞ்சி:

உரைகல் சொன்ன ரசீதுக் கணக்கு சரி. ஆனால் நகை, காசு மட்டும் கைமாறும் சரக்கு இல்லையே. குழாய் ரிப்பேர் பார்ப்பவரின் அபிப்பிராயம் குழாயோடு போய்விடும். மோதிரம் தினமும் விரலில் இருக்கும், யாராவது 'எங்கே செய்தது' என்று கேட்பார்கள், நீங்கள் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த விளம்பரத்துக்கு ரசீதில் இடம் கிடையாது.

நகை கொள்கையைச் சுமப்பது புதிதும் இல்லை. அடிமை வணிகத்தை எதிர்த்து 1787-ல் ஜோசையா வெட்ஜ்வுட் பீங்கான் பதக்கம் ஒன்று செய்தார், சங்கிலி பூட்டிய மனிதர் மண்டியிட்டிருக்கும் உருவம். விற்பதைவிட இலவசமாக விநியோகித்ததுதான் அதிகம். பெண்கள் அதைக் காப்பிலும் கொண்டை ஊசியிலும் பதித்துப் போட்டுக்கொண்டார்கள். செய்தவரின் கொள்கைதான் அந்த நகையின் மதிப்பே.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஜெரால்ட் ராட்னர் என்ற பிரிட்டன் நகைக்கடை அதிபர் 1991 ஏப்ரலில் ஒரு மேடையில் தன் கடைச் சரக்கைக் குப்பை என்று கிண்டலடித்தார். மறுநாள் கடையில் இருந்தது முந்தின நாள் இருந்த அதே சரக்குதான், மாற்று குறையவில்லை, எடை குறையவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், பங்கு சரிந்தது, அவர் பதவி போயிற்று, 1993-ல் நிறுவனத்தின் பெயரையே சிக்னெட் என்று மாற்றினார்கள். வாங்குகிறவரை இளக்காரமாக நினைக்கிறவர் செய்ததை அணிய யாருக்கும் மனம் வராது. உங்கள் ஆள் இளக்காரமாக எழுதும் மக்களில் நீங்களோ, மோதிரத்தைப் போட்டுக்கொள்ளப் போகிறவரோ இருந்தால் இதற்குமேல் கணக்கு எதற்கு?

பட்டைக்கல்:

எல்லோரும் முதல் ஆளையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த 'அறவழி' கடைமேல்தான் கண். கெட்டதைச் சொல்கிறவரை எப்படிச் சோதிக்கிறோமோ, நல்லதைச் சொல்கிறவரையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் உள்ள மூன்று சொற்களையே எடுத்துக்கொள்கிறேன்.

'மோதலற்ற கல்' என்றவுடன் அவர்கள் காட்டுவது கிம்பர்லி நடைமுறை என்ற, நாடுகள் சேர்ந்து நடத்தும் சான்றிதழ் திட்டமாக இருக்கும். அது 2003-ல் நடைமுறைக்கு வந்தது, வைரத்துக்கு மட்டும். நீலக்கல், கெம்பு, மரகதம் எதற்கும் அது பொருந்தாது, நிறக்கற்களுக்கு நாடுகள் சேர்ந்து நடத்தும் அப்படி ஒரு திட்டமே கிடையாது. ஆகவே ஒரு நீலக்கல்லுக்குக் 'கிம்பர்லி சான்று உண்டு' என்று யாராவது சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டுமே நல்லதல்ல.

வைரத்திலும் அது முழுக் காப்பு இல்லை. சான்றிதழ் பட்டை தீட்டாத கற்களின் பொதிக்குத்தான், தனிக் கல்லுக்கு அல்ல. முத்திரையிட்ட பெட்டியில் எல்லை தாண்டும்போது கூடவே போகும். பொதியைப் பிரித்து, பல நாட்டுக் கற்களோடு கலந்து, பட்டை தீட்டியபின் அந்தத் தாளுக்கும் உங்கள் விரலில் உள்ள கல்லுக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு இருப்பது விற்பவர் ரசீதில் எழுதித் தரும் உறுதிமொழி மட்டும். மேலும் அங்கே 'மோதல் வைரம்' என்பதன் பொருள் மிகக் குறுகியது: சட்டபூர்வ அரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணமாகும் வைரம். அரசுப் படையே சுரங்கத்தில் ஆட்களை அடித்தால், கொன்றால், குழந்தைகளை வேலை வாங்கினால் அந்த வரையறைக்குள் வராது. ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயலில் அரசுப் படை நடத்திய வன்முறைக்குப் பிறகு, அந்தத் திட்டம் உருவாகவே பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பு 2011-ல் வெளியேறியது இதனால்தான்.

'மறுசுழற்சித் தங்கம்' இன்னும் வழுக்கும் சொல். தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை, பழைய நகை எப்போதுமே உருக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. நீங்கள் மறுசுழற்சித் தங்கம் வாங்கியதால் எந்தச் சுரங்கமும் ஒரு கூடை மண் குறைவாக வெட்டப்போவதில்லை. அதைவிட மோசம், நேற்றுத் தோண்டிய தங்கத்தை ஒரு முறை உருக்கி முரட்டு நகையாக்கி மறுநாள் 'பழைய தங்கம்' என்று விற்கவும் முடியும். சுத்திகரித்தபின் தங்கம் தான் பிறந்த ஊரைச் சொல்லாது, ஆய்வகத்துக்கும் காட்டாது. காகிதத் தொடர் ஒன்றுதான் சாட்சி.

தங்கத்தில் அறம் பார்க்க வேண்டுமென்றால் கேட்க வேண்டிய இடம் வேறு. சிறு சுரங்கத் தொழிலாளிகள் தாதுவில் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைப் பிடித்து, பிறகு சூடாக்குவார்கள். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகி மூச்சில் போகும், ஆற்றில் படியும். மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப்பெரிய பங்கு இந்தத் தொழிலிலிருந்துதான். 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைக்கச் சொல்கிறது. ஃபேர்மைண்ட், ஃபேர்டிரேட் என்ற இரண்டு முத்திரைகள் இப்படிப்பட்ட சிறு சுரங்கங்களைத் தணிக்கை செய்து, நிபந்தனைக்கு உட்பட்டால் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகையும் கொடுக்கின்றன. சுரங்கத்தை ஒதுக்காமல் அதைச் சீர்திருத்தப் பார்க்கும் வழி என்பதால் 'மறுசுழற்சி' என்ற ஒற்றைச் சொல்லைவிட எனக்கு இதில் மரியாதை.

அந்தக் கடையிடம் கேளுங்கள்: கட்டித் தங்கம் எந்தச் சுத்திகரிப்பு ஆலையுடையது? அந்த ஆலையைத் தணிக்கை செய்தது யார்? 'மறுசுழற்சி' என்றால் பழைய நகை மட்டுமா, பட்டறைப் பொடியும் சேர்த்தா, அல்லது கட்டியை மறுபடி உருக்கியதா? கல் எந்த நாட்டுக் கல், சுரங்கமுகப்பில் வாங்கியவர் யார், எங்கே பட்டை தீட்டியது? பதில் தெரியாது என்று நேராகச் சொல்பவரை மதியுங்கள், பெரும்பாலான கற்களுக்குத் தெரியாதுதான். எல்லாக் கேள்விக்கும் 'நாங்கள் நம்பிக்கையானவர்களிடம்தான் வாங்குகிறோம்' என்று ஒரே பதில் வந்தால் அந்த அறம் பெயர்ப்பலகையோடு நிற்கிறது.

ஆய்வகம் தரும் 'பிறப்பிட' அறிக்கையும் ஒரு நிபுணர் அபிப்பிராயமே. உள்ளே உள்ள படிகத் துணுக்குகளையும் நுண்கூறு வேதியியலையும் வைத்து இந்த நாடாக இருக்கலாம் என்று சொல்வார்கள். எந்தச் சுரங்கம், யார் தோண்டியது, என்ன கூலி என்பதெல்லாம் அதில் இருக்காது.

வெண்முத்து:

நன்றி, நிறையத் தெளிந்தது. இரண்டு சந்தேகம். ஆய்வகத்தில் வளர்த்த நீலக்கல்லை வாங்கினால் இந்தப் பிறப்பிடத் தலைவலி தீருமா? அந்தத் தனியாளிடமே செய்துவிட்டு அப்புறம் அவர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால், பின்னால் வரும் ரிப்பேரை வேறு ஆளிடம் கொடுக்க முடியுமா?

பட்டைக்கல்:

முதலாவதற்கு மட்டும். சுரங்கத் தலைவலி தீரும். தீப்பிழம்பில் உருக்கி வளர்க்கும் வெர்னெய் முறை 1902-ல் வெளியானது, முதலில் கெம்பு, சில ஆண்டுகளில் நீலம். அதே அலுமினியம் ஆக்ஸைடு, அதே கடினம், மோஸ் அளவில் 9. உருப்பெருக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழ்களும் தெரிந்தால் இந்த முறையில் வளர்த்த கல், இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவும் கோணமாகவும் போகும். மறுவிற்பனை மதிப்பை எதிர்பார்க்காதீர்கள். உலையும் பட்டை தீட்டும் இடமும் யாருடையவை என்ற கேள்வி இதிலும் மிஞ்சும். பட்டை தீட்டும் தூசியை ஈரமாக்காமல் வேலை செய்தால் நுரையீரல் கெடும். ஆய்வகக் கல் என்பதால் அந்தத் தொழிலாளிக்கு முகக்கவசம் வந்துவிடாது.

ஊதுகுழல்:

இரண்டாவது கேள்விதான் இந்த இழையில் யாரும் தொடாத இடம். மோதிரம் வாங்கிய நாளோடு உறவு முடிவதில்லை. அளவு மாற்ற வேண்டும், கல்லைப் பிடித்திருக்கும் கம்பிமுனைகள் தேயும், வருடத்துக்கு ஒரு முறையாவது உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். கொள்கைக் காரணத்துக்காக ஒருவரிடம் திரும்பப் போகமாட்டோம் என்று தெரிந்தால், முதல் நாளே அந்த நகையை யார் கையிலும் கொடுக்கக்கூடியதாக ஆக்கிவிட வேண்டும். வேறு ஆள் கையில் போய்க் கெட்டுப்போகும் நகைகளில் பாதி, தகவல் இல்லாததால் கெடுகிறவை.

ரசீதோடு ஒரு தனித்தாள் கேளுங்கள். அதில் உலோகக் கலவை இருக்க வேண்டும், '750' என்று மட்டும் போதாது. மீதி 250 பங்கில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு? சரிபாதி என்றால் மஞ்சள், செம்பு கூடினால் சிவப்பு. இது தெரியாமல் அளவு கூட்ட ஒரு துண்டு சேர்த்தால் அந்த இடம் வேறு நிறமாக, பட்டை போட்டதுபோலத் தெரியும். வெள்ளைத் தங்கம் என்றால் நிக்கலா பல்லேடியமா என்று எழுதச் சொல்லுங்கள், நிக்கல் சிலருக்குத் தோலில் அரிக்கும். பற்றுப் பொடி எந்த மாற்று, எந்தச் சூட்டில் ஓடுவது என்பதும் வேண்டும். அடுத்த ஆள் அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடும் பற்றைப் பயன்படுத்தாவிட்டால் பழைய இணைப்பு கழன்று விழும்.

பற்றில் காட்மியம் கலக்கவில்லை என்றும் எழுதி வாங்குங்கள். காட்மியம் கலந்த பற்று நன்றாக ஓடும், அதனால்தான் இன்னும் சிலர் விடுவதில்லை. 321 டிகிரியில் உருகி 767-ல் கொதிக்கும் உலோகம் அது, தீ ஊதிப் பற்றுவைக்கும்போது வரும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். நகை அணிபவரைவிட ஊதுகிறவருக்கே ஆபத்து. ரிப்பேர் செய்யப்போகும் இன்னொரு தொழிலாளி தெரியாமல் அதை மூச்சில் இழுப்பார். ஒருவருடைய கொள்கை என்ன என்று அவர் எழுதுவதில் தேடுவதைவிடப் பற்றுப் பொடி டப்பாவில் தேடலாம் என்பது என் கருத்து. புகை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா, அமிலத்தை எங்கே கொட்டுகிறார் என்று பட்டறைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தாலே தெரியும்.

கல் பற்றிய வரிதான் மிக முக்கியம். சூடுபடுத்தியதா, விரிசலில் கண்ணாடி நிரப்பியதா, எண்ணெய் ஊட்டியதா? நீலக்கல் சூடு தாங்கும் என்று நம்பிக் கல்லைக் கழற்றாமலே ஊதுகிறவர்கள் உண்டு. சூடு தாங்கும்தான், ஆனால் வெங்காரமோ போரிக் அமிலமோ பூசிச் சூடாக்கினால் நீலம், கெம்பு இரண்டின் மேற்பரப்பும் அரித்து மங்கிவிடும், மறுபடி பட்டை தீட்ட வேண்டிவரும். ஈயக் கண்ணாடி நிரப்பிய கெம்பு அதற்கும் மோசம், ஊதியபின் கருப்பு நீக்கப் போடும் அமிலத்திலேயே கண்ணாடி கரைந்து விரிசல் முழுதும் வெளியே வரும். மரகதத்தின் எண்ணெய், நகையைச் சுத்தம் செய்யும் மீயொலித் தொட்டியில் போட்டால் போய்விடும். இதெல்லாம் தாளில் இருந்தால் அடுத்த ஆள் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் கைவைப்பார்.

வளைய வடிவமும் பாருங்கள். சுற்றிலும் கல் பதித்த வளையத்தை அளவு மாற்றவே முடியாது. அடிப்பகுதி வெறுமையாக, 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனாக விட்டால் யாரும் வெட்டி ஒட்டலாம்.

மாற்றையும் வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கும், மேலே கனமாக முலாம் போட்டிருந்தால் ஏமாறும். உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. முழு நிச்சயம் வேண்டுமானால் துளி வெட்டி எடுத்து ஈயத்தோடு புடம்போட்டுப் பிரிப்பது. சொல்லிச் செய்யும் நகையில் வார்ப்புத் தண்டின் (உருக்கிய தங்கம் அச்சுக்குள் போகும் வழியில் உறைந்த பகுதி) மிச்சத்துண்டை எடுத்துவைக்கச் சொன்னால் மோதிரத்தைக் கீறாமலே அந்தச் சோதனையைச் செய்யலாம். ஆனால் பற்று வைத்த இடத்தின் மாற்று அதில் வராது.

உரைகல்:

ஊதுகுழல் சொன்னதோடு ஒன்று. சொந்தப் பழைய தங்கத்தைக் கொடுத்துச் செய்வதானால் கணக்கு இப்படி: 22 காரட், அதாவது 916 மாற்று, 10 கிராம் கொடுத்தால் அதில் சுத்தத் தங்கம் 9.16 கிராம். 750 ஆக்க 9.16 ÷ 0.75 = 12.21. ஆகவே 2.21 கிராம் கலவை உலோகம் சேரும், உங்களுக்கு 12.21 கிராம் வர வேண்டும். நடைமுறையில் குறையும், ஏனென்றால் பழைய நகையில் ஒவ்வொரு பற்று இணைப்பும் மாற்றை இறக்கும். அதனால் அப்படியே உருக்கிச் செய்யாமல் சுத்திகரித்துக் கொடுப்பது நல்லது. பழைய ரிப்பேரில் யாராவது ஈயப்பற்று வைத்திருந்தால் இன்னும் ஆபத்து, துளி ஈயம் கலந்தாலே தங்கம் உடையத் தொடங்கும், தகடு இழுக்கும்போது விளிம்பு விரியும். அதற்குத் தொழிலாளியைத் திட்டக்கூடாது.

தராசுமுள்:

எதிர்க்கட்சியை எல்லோரும் சோதிக்கிறோம். நம் கட்சிக்காரரை யார் சோதிப்பது? நகை மோசடியில் அகப்படுகிறவர்களில் பலர் 'நம்மாளுதானே' என்று நம்பிப் போனவர்கள். ஒரே வழிபாடு, ஒரே இயக்கம், ஒரே மொழி, அதனால் முத்திரையைப் பார்ப்பதில்லை, ரசீது கேட்பதில்லை, தனித்தாள் கேட்கக் கூச்சம். வெண்முத்து, அந்த அறவழிக் கடையில் உங்களுக்கு ஆபத்து இதுதான். கொள்கை ஒத்துப்போகிறது என்பதால் அச்சு வார்ப்பில் உள்ள நுண்துளைகளை உருப்பெருக்கியில் பார்க்க மறந்துவிடுவீர்கள். கம்பிமுனை அடியில் ஊசிமுனைத் துளை இருந்தால் அங்கேதான் முறிந்து கல் விழும்.

கல்லுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டென்று உண்மையிலேயே நம்பும் விற்பனையாளர்களுக்கும் இது பொருந்தும். நம்பட்டும், அது அவர் உரிமை. நீங்கள் கல்லைக் கல்லாக மட்டும் விலை பேசுங்கள். ஆனால் 'இதைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடியுங்கள்' என்று சொன்னால் அங்கே நம்பிக்கை என்ற எல்லை தாண்டுகிறது. மாலகைட் தாமிரக் கார்பனேட், சின்னபார் பாதரச சல்ஃபைடு. இவை பட்ட நீரைக் குடிக்கவே கூடாது.

நெருஞ்சி:

உரைகல்லின் இடைவழி எனக்கு இன்னும் ஒப்பவில்லை. தங்கமும் கல்லும் நாம் கொடுத்து அவருடைய திறமையை மட்டும் வாங்குவது, மனச்சாட்சிக்குத் தள்ளுபடி வாங்குவதுபோல இருக்கிறது. வேண்டாமென்றால் வேண்டாம் என்று விடலாமே, நல்ல பதிப்பு வேலைக்காரர் உலகத்தில் அவர் ஒருவர்தானா?

உரைகல்:

ஒருவர் இல்லைதான். ஆனால் 'நல்ல வேலை, நல்ல கொள்கை' இரண்டும் உள்ளவர் என்று நீங்கள் காட்டும் ஆளின் கொள்கை உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதுகிறவரைத் தண்டித்து வாய்மூடி இருக்கிறவரைத் தேர்ந்தெடுத்தால், சந்தை கற்றுக்கொள்வது வாயை மூடத்தான். அதனால்தான் தொழிலில் தெரியும் செயலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நெருஞ்சி:

வாயை மூடினால் அதுவும் ஒரு லாபம்தானே. அவர் எழுதுவதைப் படித்துப் புண்படுகிறவர்களுக்கு.

ஊதுகுழல்:

வாதம் நடக்கட்டும், கேட்டவருக்கு அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிவை எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் நியாயத்தில் சேர்ந்ததுதான்.

சொல்லிச் செய்யும் மோதிரத்தின் படிகள்: வரைபடம், மெழுகு மாதிரி, வார்ப்பு அல்லது கைவேலை உருவாக்கம், பதிப்பு, மெருகு. வரைபடத்தில் விலகினால் அவருக்குப் போவது சில மணி நேரம், வரைந்த கூலியைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேர். மெழுகில் விலகினால் மெழுகு வேலையும் சேரும். வார்ப்புக்குப் பிறகு தங்கத்தை உருக்கி மீட்கலாம், ஆனால் கூலி முழுதும் நஷ்டம். உங்கள் அளவுக்குக் கல் வெட்டிப் பதித்தபிறகு, உள்ளே பெயர் பொறித்தபிறகு, அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆகவே கொள்கைக் காரணமானால் மெழுகு மாதிரிக்குச் சம்மதம் சொல்லும் முன்பே முடிவெடுங்கள். அதன்பின் தெரியவந்தால் முழுப் பணத்தைக் கொடுத்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு, அடுத்ததற்கு வேறு ஆளைப் பாருங்கள். செய்த வேலைக்குக் கூலி மறுப்பதை எந்தக் கொள்கையும் நியாயப்படுத்தாது.

விலகும்போது காரணம் சொல்வதா? சொன்னால்தான் அவருக்குத் தெரியும், இல்லாவிட்டால் விலை கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இரண்டு வரி போதும்: 'உங்கள் வேலையில் குறையில்லை, பொதுவெளியில் நீங்கள் இன்னதை எழுதியதால் வேறு இடம் போகிறேன்.' வேலை சரியில்லை என்று பொய்யாக மதிப்புரை எழுதாதீர்கள்.

வெண்முத்து:

வரைபடம்கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை, அந்த மட்டில் நல்லது. நெருஞ்சி கேட்ட கேள்வியை எனக்கே கேட்டுப் பார்த்தேன். மோதிரம் என் விரலுக்கு அல்ல, அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர், அந்தக் கைவினைஞர் இளக்காரமாக எழுதும் மக்களில் ஒருவர். அந்தக் கைவினைஞரிடம் செய்யவில்லை, ஊதுகுழல் சொன்னபடி இரண்டு வரி எழுதிவிடுகிறேன். அந்தக் கடைக்கும் இப்போதைக்குப் போகவில்லை, பட்டைக்கல்லின் கேள்விகளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அதற்குள் ஒரு சந்தேகம்: தனித்தாளில் கல்லின் அளவுகளை நீளம் அகலம் ஆழம் மூன்றும் எழுத வேண்டுமா, எடை மட்டும் போதுமா?

ஊதுகுழல்:

மூன்றும் வேண்டும், மில்லிமீட்டரில் இரண்டு தசம இடத்துக்கு. பதித்தபின் எடை போட முடியாது. கல்லை மாற்றிவிட்டார்களா என்று பின்னால் சந்தேகம் வந்தால் அளவுகளையும், பதிக்கும் முன் உள்ளே உள்ள துணுக்குகளை எடுத்த உருப்பெருக்கிப் படத்தையும் வைத்துத்தான் ஒத்துப்பார்க்க முடியும். ஆழத்தைக்கூடப் பதித்தபின் சரியாக அளக்க வராது, அதனால் பதிக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.